யாழ்ப்பாண வீட்டு நெட்டில் பை-ஹோல்: பாவித்துப் பார்த்த பிறகு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம். வீட்டு நெட்டில் விளம்பரத்தை மறிக்கிற இந்தப் பை-ஹோல் நல்ல சாமான், போடுங்கள். ஆனால் "விளம்பரம் முழுக்கப் போய்விடும்" என்று யூடியூபில் யாரோ சொன்னதை நம்பிப் போடாதீர்கள், போகாது. நான் அதை இன்னும் கழற்றாமல் வைத்திருப்பது அதன் லொக்குக்காக, அதாவது அது எழுதி வைக்கிற பதிவுக்காக. வீட்டில் ஒரு பக்கம் திறக்காவிட்டால் அதை மறித்தது நெட் கொம்பனியா, அந்தத் தளமா, பிரவுசரா, அரசாங்கமா, இல்லை என்னுடைய பெட்டியேதானா என்று ஓரளவுக்காவது கண்டுபிடிக்க என்னிடம் இருக்கிற ஒரே வழி இப்போதைக்கு இதுதான்.

தெரியாதவர்களுக்காக: இது இலவச மென்பொருள். ராஸ்பெரி பை மாதிரிச் சின்னக் கொம்பியூட்டர் ஒன்றில் ஓட்டலாம், மூலையில் கிடக்கிற பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டும் ஓட்டலாம், 512 எம்பி ராம் இருந்தாலே போதும். வீட்டிலுள்ள போன், டிவி, லப்டொப் எல்லாம் ஒரு தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கேட்கும் கேள்விக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். சந்தியில் நிற்கிறவரிடம் இன்னாருடைய வீடு எது என்று விசாரிப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வழி சொன்னால் போவீர்கள், "அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை" என்று சொன்னால் வீடு அடுத்த ஒழுங்கையிலேயே இருந்தாலும் திரும்பி வந்துவிடுவீர்கள். பை-ஹோல் அந்த இடத்தில் போய் நின்றுகொள்கிறது. தன் பட்டியலில் உள்ள விளம்பர, வேவு பார்க்கும் பெயர்களை யாராவது கேட்டால் 0.0.0.0 என்ற வெற்று முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடும். மற்றதையெல்லாம் மேலே கேட்டு உண்மையான பதிலை வாங்கித் தரும். ஒவ்வொரு கேள்வியையும் எந்தச் சாதனம், எத்தனை மணிக்குக் கேட்டது என்று எழுதியும் வைக்கும். அதுதான் லொக்.

இந்த "இங்கே இல்லை" வித்தை பை-ஹோலின் கண்டுபிடிப்பு இல்லை என்பதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2007 ஜூனில் தமிழ்நெட் செய்தித் தளம் இங்கே திறக்காமல் போனபோது திரையில் ஒரு விளக்கமும் வரவில்லை, நெட் சரியில்லைப் போல என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தியவர்கள் எத்தனை பேர். 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு வாரமளவில் நின்றன, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு திரும்பவும், 2022 ஏப்ரல் 3 திரும்பவும். அந்தக் கடைசித் தடையின்போது அப்போதைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே தான் தடையைச் சுற்றிப் போக விடுகிற விபிஎன் பாவிப்பதாகவும் இப்படித் தடுப்பதில் பிரயோசனம் இல்லை என்றும் ட்விட்டரில் எழுதினார், அது ஒரு தனிப் பகிடி. எனக்கு இதில் உறுத்துவது, அரசாங்கம் மறித்தாலும், கேபிள் அறுந்தாலும், ரவுட்டர் சூடேறிப் படுத்தாலும் நம் திரையில் தெரிவது ஏறத்தாழ ஒன்றுதான் என்பது. சுற்றுகிற வட்டம், பிறகு ஒரு வெள்ளைப் பக்கம்.

சரி, சாமானுக்கு வருவோம். என்னிடம் இருப்பது யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் கம்பஸ் முடித்துப் போன ஒரு மச்சான் விற்ற பழைய ராஸ்பெரி பை 3. புதிதாக வாங்குகிறவர்கள் சீரோ 2 டபிள்யூ பார்ப்பார்கள், 2021இல் வெளிவந்தபோது விலை 15 டொலர், ஆனால் கொழும்பிலிருந்து கூரியரில் எடுக்கும்போது அந்த 15ஐ மறந்துவிட வேண்டும். அதோடு அதில் கேபிள் குத்த இடம் கிடையாது, வைஃபை மட்டும். வீடு முழுக்க இதை நம்பி நிற்கப்போகிறது என்றால் கேபிள் உள்ளதாக எடுப்பதுதான் புத்தி. மென்பொருளைப் போடுவது சுலபம், ஒரு கட்டளையை ஒட்டி, வருகிற நீலப் பெட்டிகளில் ஆம் ஆம் என்று போனால் முடிந்தது. 2025 பெப்ரவரியில் வந்த ஆறாவது பதிப்பில் வெப் சேர்வரும் உள்ளேயே வந்துவிட்டதால் முன்பை விடச் சில்லறை வேலை குறைவு.

கஷ்டம் ரவுட்டரில். கொம்பனி பெயர் சொல்லப்போவதில்லை, யாருக்கும் தெரிந்த கொம்பனிதான், அவர்கள் தந்த ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றுகிற இடம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தது. அழைத்துக் கேட்டால் "அது தேவையில்லை சேர், நாங்களே செட் பண்ணித் தந்திருக்கிறோம்" என்றார் அந்தத் தம்பி, மரியாதையாகத்தான். ஏன் பூட்டியிருக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இதற்கு வழி இருக்கிறது. ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு பை-ஹோலில் உள்ள டிஎச்சிபியைப் போடலாம், அப்போது வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி கொடுப்பதும் அதுவே, டிஎன்எஸ் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்வதும் அதுவே. ஆனால் ஐபிவி6 என்கிற புதிய வகை முகவரி இருக்கிற இணைப்பென்றால் கவனம், ரவுட்டர் பின்கதவால் கொம்பனியின் டிஎன்எஸ்ஸை அறிவித்துக்கொண்டே இருக்கும், பாதிக் கேள்விகள் உங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகும், நீங்கள் லொக்கைப் பார்த்து "இன்றைக்கு எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருக்கிறார்களே" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியது. 192.0.2.1 என்ற முகவரி உலகத்தில் யாருக்கும் சொந்தமில்லை, புத்தகங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. லப்டொப்பிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு டிஎன்எஸ் கேள்வி அனுப்புங்கள், என்எஸ்லுக்அப் கட்டளையே போதும். பதில் வரக்கூடாது. வந்தால், வழியில் யாரோ உங்கள் கேள்வியை மறித்து, நீங்கள் கேட்டவரின் பெயரில் தாங்களே பதில் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குப் பதில் வந்தது, அதுவும் சுடச்சுட. அதாவது நான் கூகுளின் 8.8.8.8 என்று போட்டாலும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று போட்டாலும் பதில் சொல்வது வேறு ஆள். டிஎன்எஸ் சாதாரணமாக 53ஆம் போர்ட்டில் மறைக்காமல் போவதால் இதைச் செய்வது மிகச் சுலபம். பை-ஹோலுக்கு மேலே டிஎன்எஸ்ஸை மறைத்து அனுப்புகிற ஒரு சின்னச் செயலியைச் சேர்த்த பிறகுதான் இது நின்றது. பை-ஹோல் தானாக இதைச் செய்வதில்லை, இது என் பார்வையில் அதன் பெரிய குறை. ஆறு பதிப்பு வந்தும் இதை உள்ளே வைக்காததற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கலாம், எனக்கு அது போதவில்லை.

இப்போது லொக். அம்மா காலையில் தேத்தண்ணியோடு முதலில் பார்ப்பது மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை, கனடாவில் யார், சுவிஸில் யார், பிறந்த இடம் எது, வசிப்பிடம் எது என்று பார்க்காமல் அவவுக்கு நாள் தொடங்காது. அந்த ஒரு பக்கம் திறக்கும்போது லொக்கைத் திறந்து வைத்துப் பாருங்கள். அவ கேட்டது ஒரு பெயர், போன் கேட்டது வரிசை வரிசையாக: டபுள்கிளிக், கூகுள்சிண்டிகேஷன், பேஸ்புக்கின் கனெக்ட், இன்னும் வாயில் நுழையாத விளம்பர ஏலக் கொம்பனிகள். பக்கம் வந்துசேர்வதற்குள் பின்னால் ஓர் ஏலம் நடந்து, யாருடைய விளம்பரம் அம்மாவுக்குக் காட்டப்படும் என்று முடிவாகியிருக்கும். செத்தவரின் படத்துக்குக் கீழே பல்லுக் கிளிப் விளம்பரம் வந்ததெல்லாம் இப்படித்தான். பை-ஹோல் போட்ட பிறகு அதே பக்கம் சட்டென்று வருகிறது, படமும் பெயரும் மட்டும், நடுவில் வெற்று இடங்கள். இதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு கூகுளில் வந்தது. சாமான் வாங்கத் தேடினால் மேலே வருகிற முதல் சில முடிவுகள் பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்டவை. அது விளம்பரம் என்று சின்னதாக ஓர் அடையாளம் இருக்கும், அதை யாரும் வாசிப்பதில்லை. தட்டினால் நேரே கடைக்குப் போகாது, இடையில் கூகுளின் விளம்பரச் சேர்வரைத் தொட்டுக் கணக்கெழுதிவிட்டுத்தான் போகும். அந்தச் சேர்வர் பை-ஹோல் பட்டியலில் இருப்பதால் தட்டினால் ஒன்றும் நடக்காது. "தம்பி, நெட் வேலை செய்யேல்லை, உன்ரை பெட்டியை நிப்பாட்டு" என்று குசினியிலிருந்து சத்தம் வரும். கீழே இருக்கிற அதே கடையின் சாதாரண முடிவைத் தட்டினால் திறக்கும். எத்தனை முறை சொன்னாலும் கை மேலே இருப்பதைத்தான் தட்டும், கையைக் குற்றம் சொல்ல முடியாது, மேலே வைத்தவன் அந்தக் கையை நம்பித்தான் வைத்திருக்கிறான். போனிலும் பிரவுசரிலும் எந்தத் தேடுபொறி முதலில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கூகுள் 2021இல் மற்றக் கொம்பனிகளுக்குக் கொடுத்தது 2,630 கோடி டொலர், அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது வெளியே வந்த கணக்கு இது. மக்கள் அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தால் யாராவது இவ்வளவு காசைக் கொட்டுவார்களா?

பேஸ்புக்கும் இதே கூத்து. அதில் வரும் செய்தி இணைப்பைத் தட்டினால் உங்கள் குரோமுக்குப் போவதில்லை, பேஸ்புக்குக்குள்ளேயே ஒரு பிரவுசர் திறக்கும், முகவரியின் வாலில் எஃப்பிக்ளிட் என்று ஒரு நீளக் கிறுக்கல் ஒட்டியிருக்கும், யார் எங்கிருந்து தட்டினார்கள் என்பதற்கான அடையாளம். இதை பை-ஹோல் ஒன்றும் செய்யாது, அதற்குத் தெரிவது பெயர் மட்டும், பெயருக்குப் பின்னால் வருகிற வால் தெரியாது. யூடியூப் விளம்பரத்தையும் நிறுத்தாது, வீடியோ வருகிற அதே சேர்வர்களிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது, ஒன்றை மறித்தால் மற்றதும் போய்விடும். அதற்கு யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சி, அதாவது பிரவுசரோடு சேர்க்கிற சின்னச் செயலி வேண்டும். குரோம் பாவிக்கிறவர்கள் அதைத் தேடினால் இப்போது லைட் என்ற மெலிந்த பதிப்புத்தான் கிடைக்கும், மேனிஃபெஸ்ட் வி3 என்று நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதில் பழையது வெளியே போய்விட்டது. பாதுகாப்புக்காக மாற்றினோம் என்கிறார்கள். விளம்பரத்தில் சம்பாதிக்கிற கொம்பனி, விளம்பரம் மறிக்கிற நீட்சி எப்படி வேலை செய்யலாம் என்று தானே விதி எழுதுகிறது, இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. பயர்பொக்ஸில் முழுப் பதிப்பு இன்னும் ஓடுகிறது, அன்ட்ரொய்ட் போனிலும் ஓடுகிறது. என் ஆலோசனை, பெட்டி வாங்கக் காசில்லாதவர்கள் பயர்பொக்ஸும் யூபிளொக்கும் போட்டுக்கொண்டு பேசாமல் இருங்கள், அரைவாசி நிம்மதி அதிலேயே கிடைக்கும்.

ஆனால் பக்கம் திறக்காதபோது என்ன நடந்தது என்று அது சொல்லாது. அங்கேதான் லொக். எனக்கு இப்போது பழகிவிட்டது. பக்கம் திறக்கவில்லையா, லொக்கில் அந்தப் பெயர் சிவப்பாக இருந்தால் மறித்தது என் பெட்டி, அனுமதி கொடுத்துவிட்டுப் போகலாம். பச்சையாக இருந்து, முகவரியும் சரியாக வந்து, அதற்குப் பிறகும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வழியில். ஏனென்றால் டிஎன்எஸ்ஸை என்னதான் மறைத்தாலும் தளத்தோடு பேசத் தொடங்கும் முதல் செய்தியிலேயே அதன் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகப் போகிறது, எஸ்என்ஐ என்பார்கள், நடுவில் இருக்கிறவர் அதைப் பார்த்து அறுத்துவிடலாம். இதே பெயரைப் பார்த்துத்தான் பொதுவாக சோஷல் மீடியா பக்கேஜ்களும் கணக்குப் பார்க்கின்றன. பேஸ்புக்குக்கு மட்டும் என்று கார்ட் போட்டுவிட்டு அதில் வந்த இணைப்பைத் தட்டுகிறவர்கள், அந்த இணைப்பு வேறு தளம், சாதாரண டேட்டாதான் போகிறது என்பதை பலன்ஸ் முடிந்த பிறகுதான் அறிகிறார்கள். பேஸ்புக் திறக்குது, மற்றது திறக்கேல்லை என்று முறைப்பாடு வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான், யாரும் எதையும் தடை செய்யவில்லை.

பக்கம் திறந்து, 403 (அனுமதி இல்லை) என்றோ "நீங்கள் மனிதர்தானா" என்றோ கேட்டால் மறிப்பது அந்தத் தளமே. இது யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். ரவுட்டருக்குள் போய் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கென்று ஒரு முகவரி இல்லை, பெருந்தொகையான வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். பழைய ஐபிவி4 முகவரிகள் மொத்தமே 430 கோடி அளவில்தான், நம் பிராந்தியத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது, அதனால் கொம்பனிகள் இப்படிப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன, இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கேயோ கொக்குவிலிலோ கொழும்பிலோ ஒருவருடைய வைரஸ் பிடித்த கொம்பியூட்டர் ஒரு தளத்தைத் தொல்லைப்படுத்தினால், அந்தத் தளத்துக்கு அவரும் நானும் ஒரே ஆள். சைக்கிள் எது, பேருந்து எது என்று படங்களைத் தட்டிக்கொண்டிருப்பது நான்.

தேசம் பார்த்து மறிப்பதும் உண்டு, அது நமக்கு மட்டும் வருகிற தலைவிதி இல்லை. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தரவுச் சட்டம் வந்தபோது சில அமெரிக்கப் பத்திரிகைகள் சட்டத்துக்கு ஏற்ப மாறுவதை விட ஐரோப்பாவையே மூடிவிடுவது மலிவு என்று மூடிவிட்டன. பிரான்சில் இருக்கிற சித்தப்பா அனுப்பச் சொல்லிக் கேட்ட செய்தி இங்கே யாழ்ப்பாணத்தில் திறந்தது, பாரிஸ் லா சப்பலில் திறக்கவில்லை. அதற்கென்று 451 என்ற ஓர் எண்ணே இருக்கிறது, சட்டக் காரணத்தால் தர முடியாது என்று பொருள். குறைந்தது காரணத்தையாவது சொல்கிறது, மரியாதையான தடை.

குறைகள் இன்னும் சில. கரண்ட். ராஸ்பெரி பை எஸ்டி கார்டில் ஓடுவது, லொக் எழுதிக்கொண்டே இருக்கும்போது கரண்ட் போனால் கார்ட் கெட்டுப்போக நல்ல வாய்ப்பு. 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில் குரங்கு பாய்ந்தது என்று சொல்லி நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு என் கார்ட் போய்விட்டது. பெட்டி படுத்தால் வைஃபை முழுப்புள்ளி காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது, வீட்டில் மற்றவர்களுக்கு அதைத் திருத்தத் தெரியாது. ஆகவே ரவுட்டருக்குப் போட்டிருக்கிற அதே சின்ன யுபிஎஸ்ஸில் இதையும் கொழுவுங்கள், லொக்கை ராமில் எழுதுகிற மாதிரி அமையுங்கள், அமைப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஸ்மார்ட் டிவி, குரோம்காஸ்ட் மாதிரிச் சில சாமான்கள் நீங்கள் சொல்வதைக் கேளாமல் நேரே 8.8.8.8 இடம் போய்க் கேட்கும், பூட்டிய ரவுட்டரில் அதை நிறுத்தவும் முடியாது. வெளியே போனால் பை-ஹோல் கூட வராது. வீட்டுக்கு ஒரு விபிஎன் போட்டு வரலாம் என்றால், மேலே சொன்ன பங்குபோட்ட முகவரி காரணமாக வெளியிலிருந்து வீட்டைக் கூப்பிட முடியாது. அதையும் தாண்டி வீட்டை இணைத்துத் தருகிற டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று வேண்டும், அது இன்னொரு நாள் வேலை.

யார் போட வேண்டாம் என்றால், வீட்டில் ஒருவருக்காவது இதை நிறுத்தி விடத் தெரியாத வீடு. பை-ஹோலின் வெப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிறுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அம்மாவின் போனில் முன்பக்கத்தில் போட்டுக் கொடுத்த பிறகுதான் குசினிச் சத்தம் குறைந்தது. பட்டியல்களை அள்ளிச் சேர்க்காதீர்கள். முதலில் வருகிற ஒன்று போதும், இணையத்தில் கிடைக்கிற எல்லாவற்றையும் சேர்த்தால் வங்கி ஆப்பும் திறக்காது, அதற்கும் கொம்பனியைத்தான் திட்டுவீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை எந்த யூடியூப் காணொளியிலும் நான் காணவில்லை. லொக்கை ஒருநாள் மேசையில் திறந்து வைத்திருந்தபோது தங்கச்சி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்ப நான் என்னென்ன பாக்கிறன் எண்டு எல்லாம் உங்களுக்குத் தெரியுமோ அண்ணா?" என்று கேட்டாள். தளத்தின் பெயர் மட்டும்தான் வரும், உள்ளே என்ன பார்த்தாய் என்று வராது என்றேன். பெயரே போதும் என்றாள், அதுவும் சரி. பை-ஹோலில் இதற்கு நிலைகள் இருக்கின்றன, பெயர்களை மறைக்கலாம், பெயரோடு சாதனங்களையும் மறைக்கலாம், ஒன்றுமே எழுதாமலும் விடலாம், ஆனால் மறைத்தால் நான் இதை வைத்திருக்கிற காரணமே போய்விடும். ஒருநாளுக்கு மேல் லொக் நிற்காதபடி மாற்றுகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தேன். அவள் காத்திருக்கவில்லை. போனில் அமைப்புக்குள் போய் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறொரு பெயரை எழுதிவிட்டாள், அன்ட்ரொய்ட் ஒன்பதிலிருந்து இருக்கிற வசதி, அவ்வளவுதான், அவளுடைய போன் என் லொக்கில் இல்லை. விளம்பரம் எல்லாம் திரும்ப வருகிறது. அது பரவாயில்லையாம்.